குளம்பழுகல்

ஞாயிறு காலைகளில் திரிஸ்தான் நர்வாஹா தெருவில்
வாழைப்பழப் பெட்டிகளில் புத்தகம் விற்கிறேன்.
"பழசா ஏதாவது இருக்கா?" என்பவர் வாங்கமாட்டார்.
ஒரு பல் மருத்துவர் மீட்டர் கணக்கில் கேட்டார்,
நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு, பழுப்புத் தோலட்டையில்.
இரண்டரை மீட்டர் அளந்து கொடுத்தேன்.
அதுவும் காசுதான்.

எவுலாலியா பெந்தாங்கோர் வேறு சாதி.
மொந்தேவிதேயோ துறைமுகத்தில் எடைமேடைக் கணக்கு எழுதுகிறவள்.
குந்தி உட்கார்ந்து
முதலில் கடைசிப் பக்கத்தைத் திறப்பாள்:
யார் அச்சடித்தது, எந்தத் தெரு, எந்த மாதம்.
உள்ளே என்ன கதை என்று அவள் கேட்டதில்லை.
அவளுக்கு வேண்டியது ஒரே அச்சகம், பம்பேரோ.
எட்டு வருடம் ஓடிக் கடனில் மூழ்கியது.
அறுபத்தொரு தலைப்புகள்.
தேனீ, தையல், திருமணச் சட்டம்,
இரண்டு படுமோசமான நாவல்கள்.

அவளிடம் ஏற்கெனவே இருந்த தையல் புத்தகத்தை
ஒருநாள் மறுபடி எடுத்தாள்.
"நாற்பத்தேழாம் பக்க எண் தலைகீழாக நிற்கிறது, பார்.
பாதி அச்சில் நிறுத்தித் திருத்தியிருக்கிறார்கள்.
அன்று அந்த அறையில்
ஒருவனுக்காவது கண் இருந்திருக்கிறது."
ஐம்பது பெசோ கேட்டேன்.
"அறியாமல் விற்காதே, நெல்சோன்" என்று
முந்நூறு வைத்துவிட்டுப் போனாள்.
அன்றிரவு வீட்டிலிருந்த பெட்டிகளையெல்லாம் கவிழ்த்து
பக்க எண்களாகப் பார்த்தேன்.
முதுகுவலி கிடைத்தது.

வில்மார் எத்செவெரிக்கும் பம்பேரோதான் பைத்தியம்.
ரயில்வே வழக்கறிஞர், மனைவி இல்லை,
கக்கத்தில் மாத்தேக்கு வெந்நீர்க் குடுவை.
இருவரும் தொப்பி தொட்டு வணங்கிக்கொள்வார்கள்,
மற்றவர் கை எந்தப் பெட்டிக்குப் போகிறதென்று
கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே.
இருவருக்கும் கிட்டாதது ஒன்று:
செம்மறிகளில் குளம்பழுகல். முப்பத்திரண்டு பக்கம்.
"வந்ததா?" என்பார் ஒவ்வொரு ஞாயிறும்.
"வரவில்லை."

ஒரு ஜூலையில் வந்தது,
ஆற்றுக்காற்று பல்லைக் கிட்டவைத்த குளிரில்.
துராஸ்னோவில் கம்பளிக் கிடங்கை இடித்தபோது
ஆடிய தராசுக்கு முட்டாக அடியில் கிடந்ததாம்.
தாள்மடிப்புகள்கூட வெட்டப்படவில்லை.
எழுபது சொச்சம் வருடம், ஒரு வாசகரும் இல்லை.
எவுலாலியா கையுறையைக் கழற்றினாள்.
பேரம் பேசவில்லை. ஒரு மாதச் சம்பளம்.
"வில்மாரிடம் சொல்லாதே."
நான் சொல்லவில்லை.

இரண்டு வருடம் சொல்லவில்லை.
ஆஸ்பத்திரியில்
மூக்குக் குழாயை விரலால் ஒதுக்கி "வந்ததா?" என்றார்.
"வரவில்லை."
ஆரஞ்சுகளை மேசையில் வைத்துவிட்டு
ஐந்து மாடியும் படியிலேயே இறங்கினேன்,
லிஃப்டில் யாருடனும் நிற்க முடியாமல்.

வீட்டைக் காலிசெய்ய அவர் சகோதரியின் மகன்
எங்கள் இருவரையும் கூப்பிட்டான்.
கண்ணாடி அலமாரி, பின்வரிசை,
ஒரு ரயில் கால அட்டவணையின் அட்டைக்குள்
குளம்பழுகல்.
ரசீதும் உள்ளேயே. பதினோரு வருடம் முந்தியது.
விற்றவன் எனக்கு நாலு கடை தள்ளி இருக்கிறான்.
அத்தனை ஞாயிறும் அவர் என்னிடம் கேட்டது
தனக்கு வந்ததா என்றல்ல.

எவுலாலியா தரையில் உட்கார்ந்து சிரித்தாள்,
இருமல் வரும்வரை.
பிறகு புரட்டினாள். முகம் மாறியது.
"வெட்டியிருக்கிறார்" என்றாள்.
ஒவ்வொரு மடிப்பும் கத்தியால் சீராக,
ஓரங்களில் பென்சில் கோடுகள்.
ஆடே வளர்க்காத மனிதர்
ஆட்டுக்கு மருந்து படித்திருக்கிறார்.
அவளும் படித்தாள், முதல் பக்கத்திலிருந்து,
முதல் தடவையாக ஒரு பம்பேரோவை:
மயில்துத்தக் கரைசலில் கால்களை நனைத்து
காய்ந்த தரையில் நிற்கவிடவும்.

பையன் கடிகாரத்தைப் பார்த்தான்.
"இந்த ஆட்டுச் சமாச்சாரமா? முப்பது பெசோ கொடுங்கள்."

முப்பது எண்ணிக் கொடுத்தாள்.
அறியாமல் விற்காதே என்று
அவனிடம் அவள் சொல்லவில்லை.
நானும்.